ரகம் பார்த்து இலந்தை வைப்பது

போன பங்குனியில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருத்தி, கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் என் அண்ணன் மகள். முந்தின ஐப்பசியில்தான் அந்த வீட்டை வாங்கிக் குடிபோனார்கள். “சித்தப்பா, பின்பக்கம் ராஸ்பெர்ரி ஒரு வரிசை இருக்குன்னு சொன்னேன்ல? பனி உருகினதும் போய்ப் பார்த்தா எல்லாம் வெறும் குச்சியா நிக்குது. செத்துப்போச்சு போல. அடியோட வெட்டிப் போட்டுரவா?”

இன்னொருவர் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருப்பவர். “அண்ணே, கொல்லையில நிக்கிற இலந்தை பட்டுப்போச்சுண்ணே. தெனம் ரெண்டு குடம் ஊத்துறேன், ஒரு இலை தங்க மாட்டேங்குது.”

இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தூங்குகிறது என்று அர்த்தம். ஸ்கார்பரோவிலும் பச்சை தெரிந்தது, எங்கள் தெருவிலும் தெரிந்தது. ராஸ்பெர்ரி குளிருக்கு ஒடுங்கித் தூங்கும். இலந்தை வெயிலுக்கு ஒடுங்கித் தூங்கும். தூங்குகிற மரத்துக்குத் தினம் இரண்டு குடம் ஊற்றுவது, உறங்குகிறவன் முகத்தில் தண்ணீர் அடிப்பது மாதிரி. நிறுத்தச் சொன்னேன்.

இந்த அத்தியாயம் இலந்தையைப் பற்றியதுதான். ஆனாலும் ராஸ்பெர்ரியிலிருந்து தொடங்குகிறேன். ரகம் தேர்ந்தெடுப்பதில் குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள். தப்பான ரகத்தை வைத்தால் ஒரே பனிக்காலத்தில் செடி போய்விடும் என்பதால் அவர்களுக்கு அந்தக் கண்டிப்பு வந்தது. நமக்கு மரம் சாவதில்லை. காய்க்காமல் நின்று பத்து வருடம் ஏமாற்றும். அதனால்தான் நாம் ரகத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை.

குளிரை எண்ணும் செடி

ராஸ்பெர்ரிக்கு ஒரு கணக்கு உண்டு. குளிர்காலத்தில் 7 டிகிரிக்கும் கீழான குளிரில் ரகத்துக்கு ஏற்ப 800 மணி நேரத்துக்கு மேல் அது கிடக்க வேண்டும். அந்தக் கணக்கு நிறைந்தால்தான் வசந்தத்தில் மொட்டு ஒழுங்காக உடையும், பூக்கும், காய்க்கும். மதுரையில் தை மாத இரவில்கூட வெப்பம் 20 டிகிரிக்கு ரொம்பக் கீழே போவதில்லை. ஆக நம் ஊரில் அந்தச் செடிக்குக் கிடைக்கும் குளிர் மணி, சுழியம்.

குளிர் வேண்டும் என்றால் எல்லாக் குளிரும் ஒன்று என்றும் ஆகிவிடாது. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் குளிர்காலம் கழியும் வரை செடி உயிரோடு இருப்பதே பெரிய காரியம். அதற்கென்றே அங்குள்ள மார்டன் ஆராய்ச்சி நிலையம் 1960-இல் ‘பாய்ன்’ என்ற ரகத்தை வெளியிட்டது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1920-இல் வந்த ‘லேதம்’ இன்றும் கடுங்குளிர்த் தோட்டங்களில் நிற்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1969-இல் வந்த ‘ஹெரிடேஜ்’ இவை எல்லாவற்றையும்விடப் பேர் பெற்றது. அதன் குச்சி முளைத்த வருடமே, இலையுதிர் காலத்தில் நுனியில் காய்க்கும். ஆனால் அதே ஹெரிடேஜை இன்னும் வடக்கே கொண்டுபோனால் வம்பு. செடிக்கு ஒன்றும் ஆகாது. காய் பழுப்பதற்குள் உறைபனி வந்து முந்திக்கொள்ளும். கொத்துக் கொத்தாகக் காயைப் பார்க்கலாம், பழத்தைத்தான் பார்க்க முடியாது.

இதைக் கவனியுங்கள். ரகம் நல்ல ரகம். மண்ணும் ஒத்துக்கொள்கிறது. ரகத்தின் நாட்காட்டியும் ஊரின் நாட்காட்டியும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். இலந்தைக்கும் அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் போகிறோம்.

அண்ணன் மகளுக்கு என் பதில் வெட்டாதே என்பது. ஒரு கோடை பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். பழைய ரகங்களில் குச்சி முதல் வருடம் வளரும், இரண்டாம் வருடம் காய்க்கும், பிறகு காய்ந்துபோகும். அதை வசந்தத்தில் அடியோடு வெட்டினால் அந்த வருடப் பழம் மொத்தமும் போகும். ஹெரிடேஜ் மாதிரி முதல் வருடமே காய்ப்பதை அடியோடு வெட்டினாலும் பரவாயில்லை, புதிதாக முளைத்துக் காய்த்துவிடும். பெயர்ச்சீட்டு இல்லாத செடியின் ரகத்தை அது காய்க்கும்போதுதான் தெரிந்துகொள்ள முடியும். ஜூலையில் படம் அனுப்பினாள்: பழுப்புப் பட்டை உரிந்த பழைய குச்சிகளில் சிவப்பாகப் பழம், பக்கத்தில் பச்சையாக வளர்ந்த புதுக் குச்சிகளில் ஒன்றும் இல்லை. பழைய வகைதான். காய்த்து முடிந்த குச்சியை மட்டும் வெட்டு என்று எழுதினேன்.

நான் கெட்ட கதை

ஆசை யாரை விட்டது? சில வருடங்களுக்கு முன் நானும் ராஸ்பெர்ரிக் கன்று இரண்டு வரவழைத்தேன். விற்றவர் ‘எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது’ என்று போட்டிருந்தார். கார்த்திகையில் வைத்தேன். மார்கழியில் துளிர் விட்டது, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மாசி கடைசியில் இலை ஓரம் கருக ஆரம்பித்தது. போர்த் தண்ணீரில் உள்ள உப்பும் அதற்கு ஆகாது. பச்சை வலை கட்டினேன், தென்னை நார்க் கழிவைப் போட்டு மூடினேன், கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். அக்கினி நட்சத்திரம் பிறந்த நான்காம் நாள் இரண்டும் முடிந்தது. குடிக்க வாங்கிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றியதை என் மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

‘எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது’ என்று எழுதியிருந்தால் அந்தக் கன்றை வாங்காதீர்கள். அப்படி ஒரு பழமரம் கிடையாது.

ராஸ்பெர்ரி சாப்பிட்டே ஆக வேண்டும் என்பவர்கள் மலை ஏறலாம். பழனி மலையில் அதன் உறவுச் செடிகள் காட்டிலேயே விளைகின்றன. மஞ்சள் பழம் ஒன்று, பழுத்தால் கருப்பாகும் இன்னொன்று. இரண்டாவதை வெளிநாட்டில் ‘மைசூர் ராஸ்பெர்ரி’ என்று சொல்லி, குளிர் குறைந்த ஃபுளோரிடாவில்கூட வளர்க்கிறார்கள். கொடைக்கானல் பக்கம் நிலம் இருப்பவர்கள் அதை முயன்று பார்க்கலாம். வைகைக்கரையில் வேண்டாம். குச்சியாக வளர்ந்து கருஞ்சிவப்பில் கொத்தாகக் காய்க்கும் ஒன்று வீட்டில் வேண்டும் என்றால் மல்பெரி வையுங்கள். கிளையை வெட்டி இலையை உருவிவிட்டால் புதுத் துளிரோடு பூவும் வரும். ஒன்று மட்டும் கவனம்: பட்டுப்பூச்சிக்காரர்களிடம் கிடைக்கும் வி-1 போன்றவை இலைக்காகவே உண்டாக்கியவை. பழத்துக்கென்றே வைத்திருப்பவர் வீட்டில் நாமே ஒரு பழத்தைத் தின்று பார்த்து, அந்த மரத்தில் குச்சி வெட்டி வர வேண்டும்.

மதுரைக்கு வருவோம்

நம் ஊரில் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பங்குனி முதல் வைகாசி வரை நெருப்பு, 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. ஆனி, ஆடியில் மேகம் இருக்கும், காற்று இருக்கும், மழை போக்குக் காட்டும்.

இலந்தை இந்த நாட்காட்டிக்கென்றே பிறந்தது மாதிரி. நெருப்புக் காலத்தில் இலையை உதிர்த்து உட்கார்ந்துகொள்கிறது. முதல் கோடை மழைக்கும் ஆனிச் சாரலுக்கும் துளிர்க்கிறது. அந்தப் புதுக் கிளையின் இலைக் கணுக்களிலேயே ஆடி, ஆவணியில் பூக்கத் தொடங்குகிறது. பெருமழையில் காய் பருக்கிறது. மழை ஓய்ந்த பனிக்காலத்தில் பழுக்கிறது. நமக்குத் தண்ணீர் இருக்கும்போது வேலை செய்கிறது, இல்லாதபோது தூங்குகிறது. இதைவிட நாகரிகமான மரம் எது?

மண்ணில் அதற்குப் பெரிய பிடிவாதம் இல்லை. மேலூர் பக்கத்துச் செவலிலும் வரும், திருமங்கலம் கரிசலிலும் வரும், உவர் பூத்த நிலத்திலும், கம்மாய்க்குள்ளும்கூட நிற்கும். போரில் வருவது சவர்த் தண்ணீர் என்று புலம்புகிற புறநகர்க்காரர்கள் தைரியமாக வைக்கலாம். ஆனால் மரம் நிற்பது ஒன்று, காய் பெருத்துப் பழுப்பது வேறு. ரகம் பார்க்க வேண்டியது அங்கேதான். தைப்பொங்கலுக்குப் பிறகு உங்கள் நிலத்தில் ஈரம் இருக்குமா? இந்த ஒரு கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

நான்கு ரகம், ஒரு புதுவரவு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் மாநிலத்துக்குச் சொல்லும் ரகங்கள் பனாரசி, உம்ரான், கைத்தாலி, கோலா. பெயரிலேயே தெரியும், எல்லாம் வடக்கிலிருந்து வந்தவை. பனாரசி காசிக்காரர். கைத்தாலி அரியானாவின் கைத்தல் ஊர்க்காரர். உம்ரானின் பூர்வீகம் ராஜஸ்தானின் ஆல்வார். கோலா என்றால் இந்தியில் உருண்டை. பெயருக்கேற்ற உருவம்.

கோலா முந்திப் பழுக்கும். உருண்டையாக, பளபளக்கும் மஞ்சளில், சாறு நிறைந்து இருக்கும். ஜோத்பூரின் வறண்ட மண்டல ஆராய்ச்சியாளர்கள் மானாவாரி நிலத்துக்கு இதைப் போன்ற முந்திய ரகங்களைத்தான் விரும்புகிறார்கள். காரணம் எளிது. நிலத்து ஈரம் வற்றுவதற்குள் இது வேலையை முடித்துக்கொள்ளும். மேலே கேட்ட கேள்விக்கு ‘ஈரம் இருக்காது’ என்பது பதிலானால் கோலாவைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து வானம் பார்த்த நிலங்களுக்கு இதுதான் என் கணக்கில் முதல் ரகம். குறை ஒன்று உண்டு: பறித்தால் அதிக நாள் தாங்காது. வீட்டுக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் சரி.

உம்ரான் பிந்திப் பழுக்கும். நீள்வட்டமான பெரிய பழம், நன்றாக வளர்ந்த மரத்தில் எலுமிச்சை அளவுக்குப் பார்த்திருக்கிறேன். பொன் மஞ்சளில் இருந்து சாக்லேட் நிறத்துக்குப் போகும். இனிப்பு அதிகம், தாங்கும் திறனும் அதிகம். வியாபாரிகள் கேட்பது இதைத்தான். ஆனால் தை, மாசியில் அதன் காய் பருத்துக்கொண்டிருக்கும்போது நம் நிலம் காய ஆரம்பித்துவிடும். கிணறோ போரோ இல்லாமல் உம்ரான் வைத்தால் ஹெரிடேஜை வடக்கே கொண்டுபோனவர் கதைதான். அங்கே உறைபனி முந்தியது, இங்கே வறட்சி முந்தும். காய் சூம்பிக் கொட்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தண்ணீர் மாசி வரை கொடுக்க முடியும் என்றால் உம்ரானுக்கு நிகர் இல்லை. பெரியாறு, வைகைப் பாசன வரப்புகளில் இருப்பவர்களுக்கு ஏற்றது.

பனாரசியும் கைத்தாலியும் நடுப்பருவம். பனாரசியின் சதை மென்மையாக இருக்கும், வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். கைத்தாலியின் சுவை நன்று. ஆனால் சாம்பல் நோய்க்கு அது முதல் பலி. ஐப்பசி ஈரமும் இரவுக் குளிர்ச்சியும் கூடும் நம் ஊரில் மருந்தடிக்கச் சோம்பல்படுகிறவர் அதை விட்டுவிடலாம்.

இனி அந்தப் புதுவரவு. சாலையோர நர்சரிகளில் ‘ஆப்பிள் பேர்’, ‘ஆப்பிள் இலந்தை’ என்று விற்கிறார்கள். தாய்லாந்து வழி வந்தது. பச்சையாக, சின்ன ஆப்பிள் அளவுக்குக் காய்க்கும், சீக்கிரம் காய்க்கும், பெரிய டிரம்மில் மாடியிலும் வைக்கலாம். குழந்தைகளுக்குப் பிடிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. இலந்தைக்கு உள்ள அந்த வாசனை எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கிறது. பழத்தின் கனத்துக்குக் கிளை ஒடியும், முட்டுக் கொடுக்க வேண்டும். கொல்லை இல்லாத வீட்டுக்கு இது பரவாயில்லை என்று மட்டும் சொல்வேன்.

எதை வைத்தாலும் ஒன்றை மட்டும் வைக்காதீர்கள். பல இலந்தை ரகங்கள் தன் மகரந்தத்தில் தானே சரியாகக் காய் பிடிப்பதில்லை. சில ரகம் காலையில் பூ விரிக்கும், சில மதியத்துக்கு மேல். ஈயும் தேனீயும் குளவியும் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் வந்தால்தான் காய் நிற்கும். ‘பூவாய்ப் பூக்குது, பிஞ்சு நிக்கல’ என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வேறு இலந்தை இருக்கிறதா என்பதுதான். இரண்டாவது மரத்துக்கு இடம் இல்லாதவர் வருத்தப்பட வேண்டாம், வழி கீழே வருகிறது.

நாட்டு இலந்தையை வெட்டிவிடாதீர்கள்

வரப்பிலோ தரிசிலோ தானாக முளைத்த நாட்டு இலந்தை பலரிடம் இருக்கும். முள் குத்துகிறது என்று வெட்டி வேலிக்குப் போடுகிறோம். அந்த மரத்தின் வேர் எத்தனை அடி கீழே போயிருக்கிறது என்று யோசியுங்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த ஆணிவேர் பாலித்தீன் பையில் கிடைக்காது. அதன் தலையை மட்டும் மாற்றினால் போதும்.

மாசிக் கடைசியில், மரம் தூங்கப் போகும் நேரத்தில், இடுப்பளவு உயரத்தில் வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்தில் சாணமும் செம்மண்ணும் குழைத்து அப்பலாம். கோடை மழைக்குச் சுற்றிலும் இருபது முப்பது துளிர் வெடிக்கும். வலுவான நான்கைந்தை நாலாபக்கமும் பார்த்து விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள். பென்சில் தடிமன் வந்ததும் கண் கட்டலாம்.

கண் எடுக்கும் குச்சி, நீங்களே பழம் தின்று பார்த்த மரத்திலிருந்து அன்றைக்கே வெட்டியதாக இருக்கட்டும். ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள். இலையைக் காம்பு மட்டும் விட்டு நறுக்குங்கள். கணுவில் உறங்கும் கண்ணை, சுற்றிலும் விரல் நகம் அளவுப் பட்டையோடு கூர்மையான கத்தியால் எடுக்க வேண்டும். கட்டை ஒட்டாமல் பட்டை மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் பருவம் சரி. நாரோடு கிழிந்து வந்தால் மரத்தில் இன்னும் பால் ஓட்டம் இல்லை, ஒரு வாரம் பொறுங்கள். துளிர்க் கிளையில் அதே அளவுக்குப் பட்டையை எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் கண்ணை அதில் பொருத்தி, கண் மட்டும் வெளியே தெரியும்படி பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். மூன்று வாரத்தில் கண் பச்சையாக இருந்து, ஒட்டி நின்ற இலைக்காம்பு தொட்டதும் உதிர்ந்தால் பிடித்துவிட்டது. காம்பு கருகி ஒட்டிக்கொண்டிருந்தால் பிடிக்கவில்லை. பிடித்த கிளையைக் கண்ணுக்கு மேலே நறுக்குங்கள்.

புத்தகங்களில் ஆனி, ஆடி என்றிருக்கும். நம் ஊரில் ஆடிக் காற்று இருக்கிறதே! கண்ணிலிருந்து புதுத் துளிர் ஒரு முழம் வந்த நேரத்தில் அந்தக் காற்று அடித்தால் ஒட்டு அப்படியே பிய்ந்து போகும். எனக்கு ஒரே மதியத்தில் ஆறு ஒட்டு போயிருக்கிறது. ஒன்று, மூங்கில் குச்சி ஊன்றி இரண்டு இடத்தில் கட்டுங்கள். இல்லை, காற்று ஓய்ந்து ஆவணியில் கண் கட்டுங்கள்.

இரண்டாவது மரத்துக்கு இடம் இல்லாதவருக்குச் சொன்ன வழி இதுதான். விட்டுவைத்த நான்கு கிளையில் இரண்டில் உம்ரான், ஒன்றில் கோலா கட்டுங்கள். நான்காவதைத் தொடாமல் நாட்டு இலந்தையாகவே விடுங்கள். மகரந்தமும் ஆயிற்று. வடைக்குப் பழமும் ஆயிற்று. இலந்தை வடைக்கு உம்ரான் ஆகாது. புளிப்பு இல்லாத பழத்தை இடித்து மிளகாய் வற்றலும் உப்பும் பெருங்காயமும் சேர்த்துக் காய வைத்தால் தித்திப்பாக ஏதோ ஒன்று வரும், அதற்குப் பெயர் வடை இல்லை. 1968-இல் ‘பணமா பாசமா’ படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிப் பட்டிதொட்டியெல்லாம் சேர்த்ததும் இந்த நாட்டுப் பழத்தைத்தான், ஆல்வார்ப் பழத்தை இல்லை.

கன்று வாங்கினால்

நாட்டு மரம் இல்லாதவர்கள் ஒட்டுக்கன்று வாங்கலாம். ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில் உள்ள வேளாண்மைக் கல்லூரி, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் ஆகியவற்றில் முதலில் விசாரியுங்கள். அங்கே இல்லாவிட்டால் தனியார் நர்சரி.

கையில் எடுத்ததும் இலையைப் பார்க்காதீர்கள், ஒட்டைப் பாருங்கள். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தண்டு லேசாகப் புடைத்து, திசை மாறி மேலே போயிருக்க வேண்டும். புடைப்புக்கு மேலே உள்ள இலை பெரிதாக, அகலமாக இருக்கும். கீழே துளிர்த்தது சின்னதாக, முள் அடர்ந்து இருக்கும். புடைப்பே இல்லாமல் நேராக வளர்ந்திருந்தால் அது விதைக்கன்று. கொட்டையிலிருந்து வந்த செடி தாயைப் போலக் காய்க்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஒருமுறை உம்ரான் என்று நல்ல ஒட்டாகவே வாங்கி வந்து வைத்தேன். இரண்டாம் மாதம் ஆடு வந்து ஒட்டுக்கு மேலே உள்ளதை நறுக்கிவிட்டது. கீழிருந்து துளிர் தழைத்தது. பிழைத்துக்கொண்டதே என்று சந்தோஷப்பட்டுத் தண்ணீர் ஊற்றி மூன்று வருடம் வளர்த்தேன். நான்காம் வருடம் சுண்டைக்காய் அளவில் புளிப்பாகக் காய்த்தது. நான் வளர்த்தது வேர்ச்செடியை. ஒட்டுக்குக் கீழே வரும் எந்தத் துளிரையும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், அன்றைக்கே கிள்ளுங்கள். ஆட்டுக்கு இலந்தை இலை அல்வா. முதல் இரண்டு வருடம் வேலி இல்லாமல் வைக்காதீர்கள்.

கொட்டையை ஊன்றிப் பிறகு கண் கட்ட நினைக்கும் பொறுமைசாலிகளுக்கு ஒரு குறிப்பு. நாட்டுக் கொட்டையை ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 170 கிராம் உப்புக் கரைத்துப் போட்டு, மிதப்பதை எறிந்துவிடுங்கள். மூழ்கியதைக் கழுவி, சுத்தியலால் ஓட்டை மட்டும் விரியவைத்து உள்ளிருக்கும் பருப்பை எடுத்து ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும். ஓட்டோடு ஊன்றினால் ஒரு மாதம் ஆகும். குழியிலேயே நேராக ஊன்றிவிட்டால் ஆணிவேர் அடிபடாது.

குழியும் கவாத்தும்

குழி மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம். தொழு உரம் இரண்டு கூடை, கம்மாய் வண்டல் கிடைத்தால் அதுவும். தோப்பாக வைப்பவர்கள் மரத்துக்கு மரம் 8 மீட்டர் விட வேண்டும். வீட்டுக் கொல்லையில் வருடா வருடம் வெட்டுவேன் என்று உறுதி இருந்தால் 5 மீட்டர் போதும். நடைபாதை ஓரம் வேண்டாம், முள். தரையிலிருந்து இரண்டரை அடி வரை ஒரே தண்டாக விட்டு, அதற்கு மேல் கிளை பிரிய விடுங்கள்.

இலந்தைக் கவாத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். காய் வருவது அந்தந்த வருடத்துப் புதுக் கிளையில். வெட்டாத மரத்தில் புதுக் கிளை குட்டையாக, நுனியில் மட்டும் வரும். பழமும் சிறுத்து, ஏணிக்கும் எட்டாத உயரத்தில் தொங்கும். அறுவடை முடிந்ததும் போன வருடக் கிளைகளில் பாதியை வெட்டிவிடுங்கள். ஒன்றோடு ஒன்று உரசுவதையும் தரையைத் தொடுவதையும் முழுதாக எடுங்கள்.

எப்போது வெட்டுவது? அரியானாவில் மே மாதக் கடைசி என்பார்கள், மகாராஷ்டிரத்தில் ஏப்ரல் கடைசி. அங்கெல்லாம் பழம் முடியும் காலம் வேறு, மழையும் வேறு கணக்கில் வரும். நமக்கு மாசி, பங்குனி. இணையத்தில் இந்திக் காணொளியைப் பார்த்துவிட்டு வைகாசிக் கடைசியில் வெட்டிய ஒருவருக்கு ஆனித் துளிர் மொத்தமும் போய், ஐப்பசி மழையில்தான் பூத்தது. பூத்ததெல்லாம் மழையில் கொட்டியது. ரகத்தை வடக்கிலிருந்து வாங்கலாம், அதன் நாட்காட்டியையும் சேர்த்து வாங்கி வரக் கூடாது.

வெட்டிய பிறகு தண்ணீரை நிறுத்துங்கள். சித்திரை, வைகாசி முழுவதும் மரம் விறகாக நிற்கும். நிற்கட்டும். அந்த நேரத்தில் உங்கள் வேலை மரத்தின் அடியில்தான்: மண்வெட்டியால் தூரைச் சுற்றி மண்ணைப் புரட்டிப் போடுங்கள். பழ ஈயின் கூட்டுப்புழு மண்ணுக்குள்தான் கிடக்கும். மேலே வந்தால் மைனாவும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். முதல் மழைக்கு எருவும் வேப்பம் பிண்ணாக்கும் வைத்துத் தண்ணீரைத் தொடங்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் பிஞ்சின் மேல் விபூதி பூசியது போல வெள்ளையாகப் படர்ந்தால் அது சாம்பல் நோய். நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. தாமதித்தால் பிஞ்சு பழுப்பேறி வெடித்துவிடும், பிறகு மருந்தால் பயனில்லை. புழு விழுந்து உதிரும் பழத்தைத் தினமும் கூட்டி, ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு புதையுங்கள். குப்பைமேட்டில் எறிந்தால் அடுத்த வருடத்துக்கு நீங்களே ஈ வளர்க்கிறீர்கள்.

நன்றாகப் பிடித்த மரம் மூன்றாம் வருடம் காய்க்கத் தொடங்கும். முதிர்ந்த மரம் வருடத்துக்கு 80 முதல் 100 கிலோ வரை தரும். இலந்தை, பறித்த பிறகு இனிக்காது. பச்சையாகப் பறித்துப் பானைக்குள் வைத்துப் பழுக்க வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். கோலா முழு மஞ்சளானதும் பறியுங்கள். உம்ரானைப் பொன் நிறத்தில் பறிக்க வேண்டும். சாக்லேட் நிறம் வந்துவிட்டால் சதை மாவாகிவிடும், வீட்டில் தின்னத்தான் ஆகும். ஒரே மரத்தில் எல்லாம் ஒரே நாளில் பழுக்காது, நான்கைந்து முறை ஏற வேண்டும்.

மூன்று வீடு தள்ளி இருப்பவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டார். ஆனி மூன்றாம் வாரம் வந்து, துளிர் விட்டிருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். அடியில் இருந்து நாட்டுத் துளிர் இரண்டும் சேர்ந்தே வந்திருந்தது. அவர் கையாலேயே கிள்ளச் சொன்னேன்.